அறிஞர் மார்ஷல் வார்டும் காப்பியிலைத் துருநோயும்

விந்தியத்துக்கு வடக்கே குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் காப்பி என்பது வெறும் பானமன்று. கோதுமை ரொட்டி நமக்குப் பழகிவிட்டது. மார்கழிக் குளிரும் பழகிவிட்டது. ஆயினும், காப்பித்தூள் தீர்ந்துபோன வீட்டில் அன்று காலை எழும் சொல்லாடல் எத்தகையது என்பதை இக்குடியிருப்பில் அறியாதார் இலர். ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர் எனில், முறுக்குக்கும் அப்பளத்துக்கும் முன்னதாக நாம் எழுதி அனுப்புவது காப்பித்தூளைப் பற்றியே. இங்ஙனம் காப்பிக்கு ஆட்பட்ட நாம், இராமேசுவரத்துக்கு அக்கரையில் சிறு கடலொன்றைத் தாண்டியவுடன் இலங்கை மட்டும் தேயிலை நாடாக விளங்குவது ஏன் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இலங்கையும் ஒருகாலத்தில் காப்பி நாடாகவே இருந்தது. அக்காப்பியை அழித்தது போருமன்று, புயலுமன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூசணம். அப்பூசணம் பயிரின் உள்ளே புகுந்து யாது செய்கின்றது என்பதை முதன்முதலில் படிப்படியாகக் கண்டு உலகுக்கு உரைத்தவர் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேய அறிஞர். தாவரநூல் வல்லார் நடுவே அவர் பெயர் இன்றும் பெரும்பெயர். அவர் ஆராய்ந்த நோயால் வயிற்றிலடிபட்டோரில் மிகப் பலர் தமிழரே என்பதால், அவர் வரலாறு நம் ஆண்டு மலரில் இடம்பெறுதல் பொருத்தமுடையதே என்று யாம் கருதுகின்றோம்.

முதற்கண் அந்நாளைய இலங்கையின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1830களிலும் 1840களிலும் கண்டி மலைநாட்டின் பெருங்காடுகளை வெட்டி ஆங்கிலத் துரைமார் காப்பி பயிரிடலாயினர். காடழிந்த இடமெல்லாம் காப்பி. ஒரு மலையின் அடிவாரம் தொடங்கி அடுத்த மலையின் உச்சிவரை வேறு பயிரின்றிக் காப்பி. அதனைப் பறிக்க ஆள் வேண்டும். கங்காணிமார் மதுரை, திருநெல்வேலி, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவரைக் கூட்டிச் சென்றனர். அவர்கள் கடலைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் எண்ணற்றவர். காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் எஞ்சியோர் கையில் சில ரூபாயுடன் ஊர் திரும்புவர். அவர்கள் பறித்த காப்பியைத் துறைமுகம் சேர்க்கும் பொருட்டே கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை போடப்பெற்று 1867இல் திறக்கப்பெற்றது. இரயில்வேயில் சோறு உண்ணும் எம்மனோர் இச்செய்தியைச் சற்று நின்று நோக்காமல் செல்லல் இயலவில்லை. சரக்கு இருந்தாலன்றோ பாதை!

அப்பாதை திறக்கப்பெற்று இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1869இல் ஒரு தோட்டத்தில் காப்பியிலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த த்வெயிட்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆங்கு பெர்க்லி என்னும் பூசணநூல் அறிஞர் அதனை ஆய்ந்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அதன் வித்துத்தூளின் ஒவ்வோர் அணுவும் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருத்தலின் பாதி வழுவழுப்பு எனப் பொருள்படும் முற்பெயரும், நாசஞ்செய்வது எனப் பொருள்படும் பிற்பெயரும் அமைந்தன. பெயரிட்டவர் வாக்குப் பலித்தது. 1870ஐ ஒட்டிய காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காப்பியை ஏற்றுமதி செய்த இலங்கை, 1889இல் 50 இலட்சம் பவுண்டுகூட அனுப்ப இயலாத நிலையை எய்திற்று.

ஆனால் நோய் கண்ட முதற் சில ஆண்டுகளில் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தமையால் விளைச்சல் குறைந்தும் வரவு குறையவில்லை. துரைமார் மேலும் காடு வெட்டி மேலும் காப்பி நட்டனர். மண் சத்திழந்துவிட்டது என்றனர் சிலர். மழை தவறியது காரணம் என்றனர் சிலர். உரத்தைக் கொட்டினால் சரியாகும் என்றனர் பலர். பூசணம் என்பது நோயுற்ற இலையில் பின்னர் வந்து படிவதேயன்றி நோய்க்கு அதுவே காரணமாகாது என்ற எண்ணமும் அந்நாளில் வேரற்றுப் போகவில்லை. ஜெர்மனியில் டி பாரி என்னும் பேரறிஞர் உருளைக்கிழங்கு நோயையும் கோதுமைத் துருநோயையும் ஆராய்ந்து, பூசணமே நோயை உண்டாக்குகின்றது என நிறுவியிருந்தார். ஆயினும் தோட்டத்துரைமார் தாவரநூல் படித்தவரல்லர். பத்தாண்டுகள் கழிந்து, கையைக் கடித்த பின்னரே, அரசாங்கத்தார் பூசண ஆராய்ச்சிக்கென ஒரு தனி அலுவலரை அமர்த்த முன்வந்தனர். அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே வார்டு. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவர் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தையார் இசையாசிரியர். செல்வம் கொழித்த குடும்பமன்று. ஆசிரியர்க்கெனத் தென்கென்சிங்டனில் நடைபெற்ற அறிவியல் வகுப்புகளில் ஹக்ஸ்லியும் திசல்டன் டையரும் கற்பித்ததைக் கேட்டமையே அவர் வாழ்வைத் திருப்பிற்று. 1876இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியின் உதவிச்சம்பளம் பெற்று, 1879இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் ஜெர்மனியில் வூர்ஸ்புர்க் நகரில் சாக்ஸ் என்னும் தாவர உடலியல் அறிஞரிடம் சிலகாலம் பயின்றார். இலை ஒளியைக்கொண்டு மாச்சத்தை ஆக்குகின்றது என்பதை விளங்கக் காட்டியவர்களுள் தலையாயவர் இந்தச் சாக்ஸ். ஆசிரியரின் இவ்வறிவு மாணாக்கருக்கு இலங்கையில் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்து வேலைக்கு வந்த எம்போன்றோர், ஊதியத்துக்கும் உதவித்தொகைக்கும் நடுவே ஒருவர் இத்துணை தொலைவு ஏறிச் சென்றதைப் படிக்கையில் வியப்பும் சிறிது பெருமூச்சும் கொள்வது இயல்பே.

1880இல் வார்டு இலங்கை வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்தவை நுண்பெருக்காடி ஒன்று, கண்ணாடிச் சில்லுகள், பொறுமை ஆகியவையே. அவர் தோட்டத்துரைமாரிடம் மருந்து யாது எனக் கேட்கவுமில்லை, தாமே மருந்தொன்று கூறவுமில்லை. முதலில் வித்துத்தூளை எடுத்து நீர்த்துளியில் இட்டு இரவும் பகலும் கண்காணித்தார். ஈரமிருந்தால் சில மணி நேரத்திலேயே வித்து முளைத்து நுண்ணிய குழலொன்றை நீட்டுவதைக் கண்டார். அக்குழல் காப்பியிலையின் அடிப்புறத்தில் ஊர்ந்து சென்று, இலை மூச்சுவிடும் நுண்துளையைக் கண்டு, அதன் வழியே உள்ளே நுழைவதைக் கண்டார். உள்ளே சென்றது இழை இழையாகக் கிளைத்து, இலையின் அணுவறைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் பரவுகின்றது. பின் அவ்விழைகள் ஒவ்வோர் அறையின் சுவரையும் துளைத்துச் சிறு உறிஞ்சிகளை உள்ளே விடுகின்றன. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இலையில் மஞ்சள் நிறப் புள்ளி தோன்றுகின்றது. அடுத்து, அதே துளைகளின் வழியே ஆரஞ்சு நிறத்தூள் கொத்துக்கொத்தாக வெளிப்படுகின்றது. ஒரு சிறு புள்ளியிலிருந்தே வெளிப்படும் வித்துகள் பல்லாயிரக்கணக்கின. அவற்றுள் எதனை எடுத்து நல்ல இலையில் இட்டாலும் மீண்டும் அதே நோய், அதே நாள்கணக்கில். எனவே நோய்க்குக் காரணம் மண்ணுமன்று, மழையுமன்று என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று.

அத்தூள் தோட்டம் விட்டுத் தோட்டம் செல்வது எங்ஙனம்? பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வருவனவற்றைப் பிடித்து நுண்பெருக்காடியில் நோக்கினார். துருநோயின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருந்தன. காற்றே அதன் வாகனம் என்பது புலனாயிற்று. மலைநெடுக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டவர்க்கு இதைவிடக் கசப்பான செய்தி வேறில்லை.

இனி, யாம் மிகவும் வியந்த பகுதிக்கு வருவோம். பூசணம் இலையில் இருக்கின்றது, சரி. அதனால் மரம் சாவது ஏன்? துருநோய் காப்பிமரத்தின் கனியைத் தின்பதில்லை, வேரைத் தொடுவதில்லை, தண்டைத் துளைப்பதில்லை. இலையின் அடிப்புறத்தில் சில புள்ளிகள், அவ்வளவே. ஒரு மரம் ஓராண்டு நோயுற்றுச் சாவதுமில்லை. இலையுதிர்ந்து மீண்டும் துளிர்த்து நிற்கும். துரைமார் நோய் போயிற்று என மகிழ்வர். அடுத்த ஆண்டு கனி குறையும். அதற்கடுத்த ஆண்டு கிளை காயும். இந்தப் புதிரை வார்டு விடுவித்த முறை, கணக்கேடு எழுதிப் பிழைக்கும் எமக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றுகின்றது.

மரத்தின் வரவு முழுவதும் இலையிலிருந்தே. ஒளியையும் காற்றையும் நீரையும்கொண்டு இலை மாச்சத்தையும் சர்க்கரையையும் ஆக்குகின்றது. அவ்வரவிலிருந்தே வேருக்கும் கிளைக்கும் கனிக்கும் பங்கு செல்கின்றது. இலையில் பூசணம் புகுந்தால், பச்சையம் கெட்ட அளவுக்கு வரவு குறைகின்றது. இலையின் அறைகளில் உள்ள சத்தை உறிஞ்சிகள் எடுத்துக்கொள்வதால் இருப்பும் குறைகின்றது. இறுதியில் இலையே காலத்துக்கு முன் உதிர்ந்துவிட, ஈட்டும் ஆளே இல்லாமற் போகின்றது. மரமோ புதுத்துளிர் விடுவதற்காகக் கிளையிலும் வேரிலும் சேமித்ததைச் செலவழிக்கின்றது. அத்துளிரும் நோயுறுகின்றது. ஆண்டுதோறும் சேமிப்பை எடுத்து எடுத்துச் செலவு செய்யும் குடும்பம் எங்ஙனம் ஒருநாள் நொடிக்குமோ, அங்ஙனமே காப்பிமரமும் நொடிக்கின்றது. கனி மிகுதியாகப் பிடித்த மரமே விரைவில் கிளை காய்வதற்கும் காரணம் இதுவே. கனிகள் தம் பங்கை விடாது இழுக்க, கொடுக்க இலை இல்லை.

வார்டுக்குப் பின்வந்த அறிஞர்கள் இக்கணக்கின் உட்பிரிவுகளையும் கண்டுள்ளனர். உயிருள்ள பொருளொன்று உணவை ஆக்குவதும் உடைப்பதும் ஆகிய செயல் முழுவதையும் வளர்சிதைமாற்றம் என்று இன்று வழங்குகின்றோம். பூசணம் புகுந்த இலையில் இம்மாற்றம் தலைகீழாகின்றது. ஒளிச்சேர்க்கை குன்றும் அதே வேளையில் இலையின் சுவாசம் இயல்பைக் காட்டிலும் மிகுகின்றது. அஃதாவது வரவு குறையும்போதே செலவு ஏறுகின்றது. நல்ல இலை தான் ஆக்கிய சர்க்கரையை வெளியே அனுப்பும். துருநோயுற்ற இலையோ அதனைத் தன்னிடமே தேக்குவதோடு, பிற இலைகளின் சர்க்கரையையும் தன்பால் இழுக்கின்றது. நோய்ப்புள்ளியைச் சுற்றி மட்டும் இலை பசுமை மாறாதிருக்க, எஞ்சிய பகுதி மஞ்சளித்துப் போவதும் சில துருநோய்களில் உண்டு. பூசணம் தன் சமையலறையை மட்டும் நெடுநாள் காத்துக்கொள்கின்றது போலும்! மேலும், தாவரத்தில் ஓடும் கரும்புச் சர்க்கரையை நொதியொன்று இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைக்கின்றது. உறிஞ்சியின் சவ்வில் அவற்றை உள்ளிழுப்பதற்கென்றே ஒரு புரதம் அமைந்துள்ளதை, அவரையினப் பயிரொன்றின் துருநோயில், 2001இல் ஜெர்மானிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். உள்ளே சென்ற சர்க்கரையைப் பூசணம் மானிடால் முதலிய வேறு பொருளாக மாற்றிவிடுகின்றது. சரக்கு வண்டியைத் திருப்பிவிட்டு முகவரிச் சீட்டையும் மாற்றி ஒட்டிவிட்டால், அனுப்பியவர் அதனை எங்ஙனம் மீட்பது?

இவையெல்லாம் 1880இல் எவர்க்கும் தெரியா. ஆயினும் பூசணத்தின் இழை எங்குச் செல்கின்றது, எதனை எடுக்கின்றது, மரம் எவ்வழியில் வறுமையுறுகின்றது என்னும் சட்டகத்தை வார்டு அன்றே அமைத்துவிட்டார். பின்வந்தோர் அதனுள் எண்களை நிரப்பினர் எனலாம்.

1880க்கும் 1882க்கும் இடையே அவர் அரசாங்கத்துக்கு அறிக்கைகள் அளித்தார். அவற்றில் அவர் கூறியவை தோட்டத்துரைமார்க்கு இனிக்கவில்லை. இலைக்குள் புகுந்துவிட்ட பூசணத்தை இலையைக் கொல்லாது கொல்லும் மருந்து ஏதும் இல்லை என்றார். கந்தகமும் சுண்ணாம்பும் வித்து முளைக்கும் முன்னரே இலைமேல் இருந்தால் ஓரளவு தடுக்கும். முளைத்து உள்ளே சென்றபின் பயனில்லை என்றார். உரமிட்டால் இலை பெருகும், அதனோடு பூசணத்துக்கு உணவும் பெருகும் என்றார். மலைகளை மொட்டையடித்து ஒரே பயிரை நட்டமையே காற்றுக்கும் பூசணத்துக்கும் வழி திறந்துவிட்டது என்றும், காற்றைத் தடுக்க மரவரிசைகள் வேண்டும் என்றும் சுட்டினார். வங்கிக் கடனில் மூழ்கி நின்றவர்க்கு இஃது அறிவுரையாகவா தோன்றும்? ஆயிரக்கணக்கில் செலவிட்டு ஆளை வரவழைத்தும் மருந்து கிடைக்கவில்லையே என்ற ஏமாற்றமே மிஞ்சிற்று. இரண்டாண்டுப் பணிக்காலம் முடிந்து அவர் கப்பலேறியபோது காப்பியும் அவரோடு விடைபெறும் நிலையிலிருந்தது.

இங்கு எம் கருத்தையும் கூறிவிடுகின்றோம். அவர் ஒரு பொய்ம்மருந்தைக் கூறி ஓரிரு ஆண்டு நற்பெயர் வாங்கியிருக்கலாம். அந்நாளில் அங்ஙனம் மருந்து கூறியவர்க்குப் பஞ்சமில்லை. இல்லாததை இல்லை என்று இருபத்தேழு வயதில் மேலிடத்துக்கு எழுதிக்கொடுப்பது எளிய செயலன்று. அலுவலகத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்பும் வழக்கமுடையோர் இதன் அருமையை அறிவர்.

தாமிரத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை மில்லார்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885இல் வெளியிட்டார். முளைக்கும் முன்னரே தடுத்தல் வேண்டும் என வார்டு கூறிய நெறியிலேயே அதுவும் செயற்படுவது. ஆயின் இலங்கைக் காப்பிக்கு அது காலங்கடந்த மருந்து. 1884இலேயே இலங்கையின் பெரிய வங்கியாகிய ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அவ்வங்கியின் நோட்டுகளே ஆங்கு நாணயமாக வழங்கியமையின், ஆளுநர் ஆர்தர் கார்டன் அரசாங்கப் பொறுப்பில் அவற்றை ஏற்று ஊரைக் காத்தார். துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டு நாடு திரும்பினர். கூலியைக் கொடுக்காது சென்றோரும் உளர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்துக்கு அஞ்சி அக்கரை சென்ற நம்மவர், ஆங்கும் பயிர் பட்டுப்போனதைக் கண்டனர். இலையில் தொடங்கிய வறுமை இறுதியில் எவர் கலயத்தில் வந்து நின்றது என்பதை எந்த அறிக்கையும் விரித்துரைக்கவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை இப்போது கைகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. காப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து உண்டு. எனவே பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழர், பெண்டு பிள்ளைகளோடு லயன் வீடுகளில் நிலையாகத் தங்கலாயினர். மலையகத் தமிழர் என ஒரு சமுதாயம் வேரூன்றியதற்கும், 1948இல் அவர்தம் குடியுரிமை பறிக்கப்பட்டதற்கும், 1964 ஒப்பந்தத்தின்பேரில் பல்லாயிரம் குடும்பங்கள் மீண்டும் கப்பலேறியதற்கும் பின்னே, வேறு காரணங்கள் எத்தனை இருப்பினும், அந்த ஆரஞ்சு நிறத்தூளும் ஒரு காரணமாக நிற்கின்றது.

தாயகம் திரும்பிய வார்டு மான்செஸ்டரில் ஆசிரியப்பணி ஏற்றார். 1883இல் செலினா மேரி கிங்டன் என்னும் மங்கையை மணந்தார். 1885இல் கூப்பர் மலையிலிருந்த அரச இந்தியப் பொறியியற் கல்லூரியில் வனவியல் மாணவர்க்குத் தாவரநூற் பேராசிரியரானார். நம் நாட்டின் பொதுப்பணிக்கும் தந்திக்கும் இருப்புப்பாதைக்கும் பொறியாளரை ஆக்கி அனுப்பியது அக்கல்லூரியே. பத்தாண்டுகள் அங்கு அவரிடம் பாடங்கேட்டோர் இந்தியக் காடுகளுக்கு அலுவலராக வந்தனர். மரத்தையும் அதனைத் தின்னும் பூசணங்களையும் பற்றி அவர் 1889இல் வெளியிட்ட நூல் எளிய நடையினது. இன்று நம் பாதைகளில் பெரும்பாலும் சிமெண்டுக் கட்டைகளே கிடக்கின்றன. தேக்கும் சாலும் தேவதாருவும் தண்டவாளத்தைத் தாங்கிய காலத்தில் மரம் உளுத்துப்போவது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை மூத்த இரயில்வே அன்பர்கள் அறிவர்.

1888இல் அவர் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1893இல் அதன் அரச பதக்கமும் பெற்றார். இஞ்சிச் சாராயத்தைப் புளிக்கவைக்கும் கட்டியில் ஈஸ்டும் நுண்ணுயிரும் கூடி வாழ்வதை ஆராய்ந்தார்; தேம்சு ஆற்றுநீரின் கிருமிகளையும், வெயில் கிருமியைக் கொல்வதையும் ஆராய்ந்தார். அவை ஒருபுறமிருக்க, எம் பொருளுக்கு வேண்டியவை இரண்டு. லில்லிப் பூச்செடியைத் தாக்கும் ஒரு பூசணத்தின் இழைநுனி ஒருவகை நீரைச் சுரந்து, தாவர அறையின் சுவரைக் கரைத்துக்கொண்டு நுழைவதை அவர் 1888இல் காட்டினார். துளையின் வழியே திருடன்போல் நுழையும் துருநோய் ஒருவகை. சுவரைக் கரைத்து நுழையும் இது மற்றொரு வகை. அடுத்து, 1890இல் அரச கழகத்தில் ஆற்றிய பேருரையில், நோய்க்குப் பூசணம் மட்டும் போதாது. பயிரின் அப்போதைய நிலையும் காரணமாகும் என்பதை விளக்கினார். மந்தாரமும் ஈரமும் நீடித்து ஒளி குன்றிய நாள்களில் பயிரின் உயிர்ச்செயல் தளர்கின்றது. அறைகளின் சாற்றில் புளிப்பும் சர்க்கரையும் தங்குகின்றன. சுவர்கள் நீரேறி மெலிகின்றன. அந்நிலையில் வேறுகாலத்தில் நுழையவியலாத பூசணமும் நுழைந்துவிடுகின்றது என்றார். ஐப்பசி அடைமழையில் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கையில் விழுவதை அறிந்த நம் தாய்மார்க்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைத் தாவரநூற் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஆங்கு மீண்டும் துருநோய்க்கே திரும்பினார். இம்முறை எடுத்துக்கொண்டது புரோம் என்னும் புல்லினத்தின் துரு. சுவீடன் நாட்டு எரிக்சன் என்னும் அறிஞர், துருப்பூசணம் விதைக்குள்ளேயே தாவரத்தின் உயிர்ப்பொருளோடு கலந்து மறைந்திருந்து பின்னர் வெளிப்படுகின்றது என்று அந்நாளில் கூறிவந்தார். அஃது உண்மையாயின் தூய்மையான விதையென்பதே இல்லை என்றாகும். வார்டு கண்ணாடிக் குழாய்களில் புல்லை வளர்த்து, அதில் துருவை மட்டும் ஏற்றி, இலையை மெல்லிய சீவல்களாக அரிந்து நாள்தோறும் நோக்கி அக்கொள்கையை மறுத்தார். அவ்வாய்வில் அரியதொரு காட்சி அவருக்குப் புலப்பட்டது. நோய்க்கு ஆட்படாத புல்லிலும் வித்து முளைக்கின்றது, துளை வழியே உள்ளேயும் செல்கின்றது. ஆனால் அது தீண்டிய அறைகள் உடனே மடிந்துவிடுகின்றன. உயிருள்ள அறையிலன்றி உணவு கொள்ளவியலாத பூசணம் ஆங்கே பட்டினியால் சாகின்றது. சில அறைகளைப் பலிகொடுத்து இலை பிழைக்கின்றது. நோய் எதிர்க்கும் பயிர்களில் இன்று அறிஞர்கள் பெரிதும் ஆராயும் இச்செயலை 1902இலேயே எழுதிவைத்தவர் அவர்.

அவர் கூறியன அனைத்தும் நிலைபெற்றன என்று கூற யாம் முற்படவில்லை. ஒரு புல்லைத் தாக்கவியலாத துரு, இடைப்பட்ட வேறொரு புல்லில் சிலகாலம் வளர்ந்தால், அதன்பின் முதற்புல்லையும் தாக்கும் ஆற்றல் பெறும் என்று அவர் கருதினார். பின்னாளைய சோதனைகள் அதனை ஏற்கவில்லை. பயிரின் எதிர்ப்பாற்றல் பெற்றோரிடமிருந்து மெண்டல் கண்ட விதிப்படி இறங்கும் என்பதைக் கோதுமையின் மஞ்சள் துருவில் 1905இல் காட்டியவர், அவர் துறையிலேயே பணியாற்றிய பிஃபென் என்பவரே.

1904இல் கேம்பிரிட்ஜில் தாவரநூலுக்கெனப் புதிய மாளிகை எழும்பி, மன்னர் ஏழாம் எட்வர்டு அதனைத் திறந்துவைத்தார். அதில் அவர் பணியாற்றியது இரண்டே ஆண்டுகள். 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள், டார்க்கீ நகரில், ஐம்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் மைந்தர் பிராங்க் கிங்டன் வார்டு அசாம், பர்மா, திபெத்து எல்லைகளில் அரிய செடிகளைத் தேடி அலைந்து புகழ்பெற்று 1958இல் மறைந்தார்.

நாம் அருந்தும் காப்பி இலங்கைக் காப்பியின் கதியை அடையாமற் போனமைக்கும் காரணம் கூறவேண்டும். நோய் நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் விரைவிலேயே வந்தது. குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் காப்பியை மரநிழலில் வளர்த்தனர். நோய் தாங்கும் செடிகளைப் பொறுக்கினர். ரொபஸ்டா என்னும் வேறினத்தையும் நட்டனர். மைசூர்த் தோட்டத்துரை ஒருவர் பொறுக்கிய கென்ட் என்னும் வகை சிலகாலம் நோய்க்குத் தப்பி நின்று, பின்னர் அதுவும் வீழ்ந்தது. 1925இல் சிக்கமகளூர்ப் பகுதியில் பாலெஹொன்னூரில் நிறுவப்பெற்ற காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் வில்சன் மேய்ன் என்பார், துருப்பூசணம் ஒன்றன்று, பல உள்ளினங்களை உடையது என 1930களில் கண்டறிந்தார். ஓரினத்தை எதிர்க்கும் செடியை மற்றோரினம் வீழ்த்திவிடும். அந்நிலையத்தில் உருவாகி 1940களில் தோட்டங்களுக்கு வந்த எஸ்.795 என்னும் வகை நம் நாட்டின் அராபிகாத் தோட்டங்களில் பெரிதும் பரவியது. இந்நோய் 1970இல் பிரேசிலிலும் காணப்பட்டது. 2012இலும் அதனையடுத்தும் நடு அமெரிக்க நாடுகளில் தோட்டங்களைச் சூறையாடி இலட்சக்கணக்கானோரை வேலையிழக்கச் செய்தது. கோதுமைத் துருவுக்கு இரண்டாவதொரு செடி இருப்பிடமாவதுபோல் காப்பித் துருவுக்கும் ஒன்று இருக்குமோ என வார்டு இலங்கைக் காடுகளில் தேடினார். அத்தகைய செடி இன்றுவரை எந்நாட்டிலும் அகப்படவில்லை.